உப்பும் கரியும் ஈர மண்ணும்

என்னோடு ஐந்தாம் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்களே, போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் தாக்கியவரைக் கழுத்து வரைக்கும் ஈர மண்ணில் புதைத்து வைத்தால், உடம்பில் ஏறிய கரண்ட் பூமிக்குள் இறங்கிவிடுமாம். ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். ஒரு உயிரைக் காப்பாற்றப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று வேறு போட்டிருந்தது. நம் ஆட்கள் வரிசையாகக் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். ஒருத்தி 'பயனுள்ள தகவல்' என்று எழுதியிருந்தாள். அவள் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். அன்றைக்கு அந்த மண்ணை என்னோடு சேர்ந்து கூடையில் சுமந்தவள் அவள்தான்.

உங்களுக்கெல்லாம் வயதாகி மறந்துவிட்டதா, இல்லை மறந்த மாதிரி இருப்பது சுகமாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். கரண்ட் அடித்துத் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களின் மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் ஈர மண்ணைப் பஞ்சால் துடைத்து எடுத்திருக்கிறேன். உடம்பில் கரண்ட் தங்காது. கம்பியை விட்டு விலகிய அந்த நிமிஷமே அது போய்விடும். அதற்குப் பிறகு அவரைத் தொட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் நெஞ்சை அழுத்திக் கொடுக்க வேண்டும், கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதைக் குழுவில் நான்கு வரியில் எழுதினேன். அதற்கு ஒருவரும் கைகூப்பவில்லை. அதனால்தான் இப்போது நீளமாக எழுதுகிறேன், எரிச்சலோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நமக்கு ஒன்பது பத்து வயது. முந்திரிக் காலம். பள்ளிக்கூடம் இருந்தாலும் பாதிப் பேர் வர மாட்டோம், வாத்தியாரும் கேட்க மாட்டார், அவருக்கும் தோப்பு இருந்தது. ஜெயங்கொண்டத்துப் பக்கத்துச் செம்மண் அந்த மாசத்தில் செருப்பில்லாத காலைச் சுடும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தின் மணம் காற்று முழுக்க இருக்கும், கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் அழுகலும். கொட்டையைத் திருகி மடியில் போட்டுக்கொண்டு பழத்தை உப்புத் தொட்டுத் தின்போம். தொண்டை கரகரவென்று பிடித்துக்கொள்ளும். பாவாடையில் சாறு பட்டால் அந்தக் கறை பாவாடை கிழிகிற வரைக்கும் போகாது. எங்கள் அம்மா அதற்காகவே அந்த மூன்று மாசத்துக்குப் பழைய பாவாடை ஒன்றைத் தனியாக வைத்திருப்பாள்.

அதற்கு முந்தின வருஷம்தான் பெரிய லைன் நம் தோப்புகளின் வழியாக வந்தது. இரும்புக் கோபுரங்கள் நட்டார்கள், லைன் போகிற பாதையில் இருந்த மரங்களையெல்லாம் வெட்டினார்கள். எங்கள் தோப்பில் பதினைந்து மரங்கள் போயின. ஒரே ஒரு மரத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அப்பா லைன் போட வந்தவர்களிடம் கெஞ்சினார். எங்கள் தோப்பிலேயே அதிகம் காய்க்கிற மரம் அது. உயரம் போகாமல் கழித்துக்கொண்டே இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அவர்களும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அப்பா அன்றைக்குச் சாப்பிடும்போது அதைப் பெருமையாகச் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

லைனைப் பற்றி ஊரில் பேசாத பேச்சு இல்லை. அது ஆளை இழுக்கும் என்றார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கண்வழியாக உயிரை எடுத்துவிடும் என்றார்கள். கறவை மாட்டுக்குப் பால் வற்றும், புதுப்பெண்ணுக்கு வயிறு திறக்காது என்றார்கள். பனி பெய்கிற விடியற்காலையில் அந்தக் கம்பி 'உய்ய்' என்று இரைவதைக் கேட்டிருக்கிறோமே, அதுதான் அது பசியில் கத்துகிற சத்தம் என்று நம்மில் ஒருவன் சொன்னான், நாமும் நம்பினோம். இவ்வளவு பயந்த ஊர், அந்தக் கம்பிக்குக் கீழேயே ஒரு மரத்தை வைத்துக்கொண்டு அதில் ஆளை ஏற்றியது. மரம் ஏறுகிறவன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

என் அண்ணனுக்கு அந்தத் தை மாசத்தில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. எனக்கும் அவனுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அண்ணிக்குப் பூலாம்பாடி. முந்திரி மரத்தையே பார்க்காத வெங்காயக் காட்டுப் பெண். பத்தொன்பது வயது. பழத்தை முதல் தடவை கடித்தபோது, இத மனுசன் திம்பானா என்று துப்பிவிட்டாள். மறுநாளிலிருந்து என்னைவிட அதிகமாகத் தின்றாள். மறுவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு ரஞ்சன்குடியில் இறங்கினான். கோட்டைமேல் ஏறி மூன்று பேரும் வெயிலில் உட்கார்ந்து பொரிகடலை தின்றோம். கீழே ரோட்டில் போகிற பஸ்ஸை எண்ணினோம். அண்ணி அன்றைக்கு என் தலையைப் பின்னிவிட்டபடியே தன் வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். எனக்கு அவள்மேல் உயிர். இதை அழுத்திச் சொல்கிறேன், பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு லைன் பயமும் இல்லை. புதுப்பெண் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று தெருப் பெண்கள் சொன்னார்கள். இவள் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கம்பிக்குக் கீழேயே நேராக நடந்து போவாள். அதையும் பிறகு அவள் கணக்கில் சேர்த்தார்கள்.

இனி மோட்டார் மாமாவைச் சொல்ல வேண்டும். அவர் எனக்கு மாமா முறையெல்லாம் இல்லை, ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் மோட்டார் மாமா. சுற்று வட்டாரத்து பம்ப்செட்டுகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். மோட்டாரைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்று போய்ச் சொன்னால், வந்து பார்த்துவிட்டு ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டச் சொல்வார். அதில் இரும்புத் தகட்டையும் கம்பியையும் இறக்கி, ஒரு வரிசை அடுப்புக்கரி, ஒரு வரிசை கல்லுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு மண்ணைத் தள்ளித் தண்ணீர் ஊற்றுவார். அதற்கு எர்த் போடுவது என்று பேர். கோடையில் மண் காய்ந்தால் எர்த் விட்டுப்போகும் என்று நாமே குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் அந்தக் குழியில் ஊற்றியிருக்கிறோம். அதற்குப் பிறகு மோட்டார் அடிக்காது. நிஜமாகவே அடிக்காது. அவர் சொன்னது அதுவரைக்கும் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அதுதான் எங்கள் கெட்ட காலம்.

அன்றைக்குக் காலையில் நல்ல வெயில். வெயில் ஏற ஏறக் கம்பி நீண்டு தொய்யும் என்பது இப்போது எனக்குத் தெரியும், அப்போது யாருக்கும் தெரியாது. அப்பா கழித்துவிடுகிறேன் என்று சொன்ன மரம் கழிக்கப்படாமலே இருந்தது, காய்த்துக் கிடக்கும்போது எவன் கழிப்பான்? துறட்டியின் மூங்கில் முந்தின நாள் ஒடிந்துவிட்டது. அண்ணன் பம்ப்செட்டில் கிடந்த இரும்புக் குழாயில் கொக்கியை வைத்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினான். நாமெல்லாம் கீழே கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

சத்தம் ஒன்றுதான் கேட்டது. பட்டாசு வெடித்தது என்று நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் மரத்திலிருந்து விழுந்து மண்ணில் கிடந்தான். குழாய் கம்பியைத் தொடவே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், லைன்தான் இழுத்துவிட்டது என்றார்கள். தொடாதது நிஜமாக இருக்கலாம். அவ்வளவு பெரிய லைனுக்குக் கிட்டத்தில் இரும்பு போனாலே கரண்ட் இடைவெளியைத் தாண்டிப் பாயும். அதற்காக அது யாரையும் தேடி வந்து இழுப்பதில்லை. நாம்தான் இரும்பைத் தூக்கிக்கொண்டு போனோம்.

அண்ணனின் வலது கை கறுத்திருந்தது. இடது பாதத்தில் சின்னதாக ஒரு பொத்தல். மூச்சு இருந்தது, வயிறு ஏறி இறங்கியதை நானே பார்த்தேன். அண்ணி ஓடிவந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைக்கப் போனபோது நாலு பேர் அவளை இழுத்துப் பிடித்தார்கள். அவனைத் தொட்டால் தொட்டவருக்கும் ஏறிவிடும் என்று கத்தினார்கள். அதற்குள் மோட்டார் மாமாவை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அவர் அண்ணனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மோட்டாரைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு அப்பாவிடம் நிதானமாகச் சொன்னார்.

“உள்ள கரண்டு நிக்கிது. எர்த் பண்ணுனா எறங்கிடும். பொழுது சாயறவரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

எங்கள் புது மோட்டாருக்கு எர்த் போடவென்று அந்த வாரம்தான் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி வைத்திருந்தார்கள். அதையே அகலமாக்கினார்கள். மரப்பலகையில் உருட்டி எடுத்துவந்து அண்ணனைக் குழிக்குள் உட்கார வைத்தார்கள். மண்ணுக்கும் தண்ணீருக்கும் நம்மைத்தான் அனுப்பினார்கள். நினைவு வருகிறதா? யார் அதிகக் கூடை சுமப்பது என்று நமக்குள் போட்டி வந்தது. உயிரைக் காப்பாற்றுகிறோம் என்ற சந்தோஷம். கல்லுப்புப் பானையை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது நான். பாதி வழியில் இளைத்தபோதும் கீழே வைக்கவில்லை.

கரியும் உப்பும் கலந்த ஈர மண்ணை அந்தக் கறுத்த கையின் மேல் தள்ளியபோது அண்ணன் முனகினான். உடம்பு உதறியது. கூட்டத்தில் ஒருவர், பாத்தீங்களா எறங்குது என்றார். எல்லார் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. புண்ணில் உப்புப் பட்டால் எப்படியிருக்கும் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாதா? முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கை வெந்த ஊர் அது. தெரியும். ஆனால் மோட்டார் மாமா சொல்லிவிட்டார்.

பதினோரு மணி பஸ் வந்தது. ஜெயங்கொண்டம் போகிற பஸ். தோப்போரத்தில் கூட்டத்தைப் பார்த்து டிரைவர் நிறுத்தினார். கண்டக்டர் இறங்கி வந்து விவரம் கேட்டுவிட்டு, ஏத்துங்க, வழியில எங்கியும் நிறுத்தாமப் போயிடறோம் என்று சொன்னார். அண்ணி அப்பாவின் காலில் விழுந்தாள். மூச்சு வுடுறாரு மாமா, பஸ்ஸுல ஏத்துங்க மாமா என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். அப்பா மோட்டார் மாமாவைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார், இப்போது தூக்கினால் பாதியில் நின்றது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்றார். பஸ் கொஞ்ச நேரம் நின்றது. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். பிறகு உள்ளே இருந்தவர்கள் அவசரப்படுத்தவும் போய்விட்டது. நான் ஆயிரம் தடவை அந்த பஸ்ஸை மனதுக்குள் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அது நிற்பதில்லை.

அண்ணியை மோட்டார் ஷெட்டுக்குள் உட்கார வைத்தார்கள். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை வாசலில் நிறுத்தினார்கள். அவளுக்கு ஏதாவது ஆனால் கூப்பிடு, அவள் அண்ணனைத் தொட்டால் அவளும் செத்துப்போவாள் என்று அப்பா என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். பெரியவர்கள் தள்ளி இருந்த மரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள். குழிக்குப் பக்கத்தில் நிறைய ஆள் நிற்கக்கூடாது என்பதும் மோட்டார் மாமா சொன்னதுதான்.

உச்சி வெயில். அண்ணனின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. யாரோ ஈரத் துண்டைத் தலையில் போட்டிருந்தார்கள். அண்ணி ஷெட்டை விட்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். அழுகையெல்லாம் நின்றுபோயிருந்தது.

“பாப்பா, நீ அந்தப் பக்கம் திரும்பிக்க. எனக்கு ஒண்ணும் ஆவாது.”

நான் திரும்பவில்லை. அவள் மண்டி போட்டு உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் தோண்டினாள். பச்சைக் கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்து மண்ணில் விழுந்தன. கழுத்து வெளியே வந்தது, தோள் வந்தது, நெஞ்சு பாதி வந்தது. அப்போது அண்ணன் இழுத்து ஒரு மூச்சு விட்டான். உதடு அசைந்தது. தண்ணி என்றான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. அண்ணியின் உடம்பெல்லாம் நடுங்கியது. அவன் பேசிவிட்ட சந்தோஷத்தில் நடுங்கினாள் என்று இப்போது தெரிகிறது. நானோ கரண்ட் அவளுக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். அண்ணியும் செத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

மரத்தடிக்கு ஓடினேன்.

“அப்பா, அண்ணி தோண்டுறாங்க. அண்ணிக்குக் கரண்டு ஏறுது.”

பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அவளை இடுப்பில் கயிறு போட்டு இழுத்தார்கள், கையால் தொடப் பயந்து. மண்ணை மறுபடி தள்ளி, இந்தத் தடவை காலால் மிதித்து இறுக்கினார்கள். இன்னும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். அண்ணன் பிறகு பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மோட்டார் மாமா அவன் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“தோண்டுனதுல எர்த் வுட்டுப்போச்சு. பொழைச்சு வந்தவன்.”

அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. அன்றைக்கு இருட்டுவதற்குள் பக்கத்து ஊர் வரைக்கும் போய்விட்டது. மோட்டார் மாமா கெட்டவர் இல்லை, அவர் அன்றைக்கு அழுத மாதிரி அந்த ஊரில் எந்த ஆம்பிளையும் அழுது நான் பார்த்ததில்லை. அவர் சொன்னதை அவரே முழுசாக நம்பினார். அப்பாவும் கெட்டவர் இல்லை. ஆனால் குழி தப்பு என்று ஆகியிருந்தால் பஸ்ஸைத் திருப்பி அனுப்பிய கதை வெளியே வரும். பஸ் கதை வந்தால் மரத்தின் கதையும் வரும், அந்த மரம் ஏன் அங்கே நின்றது என்று யாராவது கேட்பார்கள். அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. வந்து மூன்று மாசம்கூட ஆகாத, வேற்று ஊர்க்காரி ஒருத்தி இருந்தாள்.

பதினாறாம் நாள் பூலாம்பாடியிலிருந்து அவளுடைய அண்ணன்மார்கள் வந்தார்கள். எங்கள் தங்கச்சி என்ன செய்தாள் என்று கேட்டார்கள். என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். நீதான பாத்த, சொல்லு என்றார் ஒரு பெரியப்பா. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் வெள்ளைப் புடவையில் சுவரோரமாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோண்டுனாங்க என்றேன். அவ்வளவுதான் கேட்டார்கள், அவ்வளவுதான் சொன்னேன். அண்ணன் தண்ணீர் கேட்டானா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

குழியை மூடும்போது அந்தப் பச்சை வளையல் துண்டு ஒன்று எனக்குக் கிடைத்தது. பென்சில் டப்பாவில் ரொம்ப நாள் வைத்திருந்தேன். நர்ஸிங் படிக்கத் திருச்சிக்குப் போனபோது விடுதியில் எங்கேயோ தொலைந்துவிட்டது. அந்த மரத்தை அப்பா வெட்டினார், அந்த வருஷம் இல்லை, மறு வருஷம், காய்ப்பு முடிந்த பிறகு.

நர்ஸிங் முதல் வருஷத்தில் எங்கள் டீச்சர் மின்சார விபத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார். நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு உள்ளே போகும் என்பதை ஒரு பொம்மையை வைத்து அழுத்திக் காட்டினார். நான் வகுப்பை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஈர மண் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும், சுமந்தவள் நான். காலால் மிதித்து இறுக்கிய மண்ணுக்குள் ஒரு நெஞ்சு எப்படி விரியும்? அண்ணன் அந்த ஒரு வார்த்தை பேசியதே அண்ணி தோண்டியதால்தான். பஸ்ஸில் ஏற்றியிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அந்தக் கை போயிருக்கும், உயிரும் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அந்தத் தோப்பில் அத்தனை பேர் இருந்தோம், சரியானதைச் செய்தது அவள் ஒருத்தி. அவளைப் பிடித்துக் கொடுத்தது நான்.

இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. அப்பா இருக்கும்வரை அப்பாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் அம்மாவுக்காக என்றேன். அம்மாவும் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. பயந்தாங்கொள்ளி என்பதற்கு மேல் எனக்கு வேறு பேர் கிடையாது. அந்தக் குழுச் செய்தியைப் பார்த்த மறுநாள்தான் பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். அங்கே இறங்கிப் பூலாம்பாடி பஸ்ஸுக்கு மாறினேன். வழி முழுக்க ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நீங்க கொல்லல அண்ணி, நீங்க மட்டுந்தான் காப்பாத்தப் பாத்தீங்க.

அண்ணி தன் தம்பி மகன் வீட்டு வாசலில் சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்துத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டிவிட்டாள். மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இத்தனை வருஷமும் வெங்காயக் காட்டில்தான் பாடுபட்டிருக்கிறாள், விரல்கள் கோணிப்போயிருந்தன. நான் பேர் சொல்வதற்கு முன்னாலேயே, பாப்பாதான என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைத் தடவினாள். அம்மா எப்போது போனார்கள், எத்தனை பிள்ளைகள், சர்க்கரை இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். என்னைத் திட்டுவாள் என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் அண்ணனின் பேச்சை எடுத்தேன். அவள் வெங்காயத்தைப் பார்த்தபடியே, நான் கொஞ்சம் பொறுத்திருக்கணும் பாப்பா, அவசரப்பட்டுட்டன் என்றாள். ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி மழுங்கிப்போன குரல். அதைக் கேட்டதும் என் வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள். போன ஐப்பசியில் இந்தத் தெரு முனையில் ஒரு மாடி வீடு கட்டினார்களாம். கீழேயிருந்து முறுக்குக் கம்பியைத் தூக்கி மேலே கொடுத்த பையனுக்கு, பக்கத்தில் போகிற லைனில் பட்டு அடித்துவிட்டதாம். இருபத்தி மூன்று வயதாம். எல்லாரும் ஓடிவந்து இவளைத்தான் கூப்பிட்டார்களாம், கரண்டுக்கு ஒருத்தரைப் பறிகொடுத்தவளுக்குத்தானே அதைப் பற்றித் தெரியும் என்று. யாரோ 108-க்குப் போன் போட எடுத்தபோது இவள்தான் வேண்டாம் என்று தடுத்தாளாம். குழி வெட்டச் சொல்லி, உப்பும் கரியும் கொண்டுவரச் சொல்லி, அவன் தலைமாட்டிலேயே ஒரு குச்சியை வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாளாம். ஒருத்தரைக்கூடக் கிட்டே விடவில்லையாம்.

இதை அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

பிழைத்தானா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

நான் அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு போன வாக்கியத்தைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. அண்ணன் சாவு உங்களால் இல்லை என்று சொன்னால், இந்தப் பையனின் சாவு யாரால் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எழுபது வயதுக்கு மேல் அவளை ஒரு பழியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். அதுவும் முதலாவது பொய், இரண்டாவது நிஜம். நான் அழுதேன். அண்ணனை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டு அவள் என் கையைப் பிடித்து, ஆறுதலாக, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

“அழாத பாப்பா. அந்தப் பையன் பொண்டாட்டி சின்னப் பொண்ணு, தோண்டப் பாத்தா. நாந்தான் மண்ணத் தொடவே வுடல. அவள நாளைக்கு யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது.”